தராசில் வைத்துப் பார்த்த டார்ச் செல்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பேராவூரணி வட்டாரத்தில், கல்லணைக் கால்வாயின் கடைமடையில் நெல்லும் தென்னையும் வைத்திருக்கிறேன். எங்களுக்கு மும்முனை மின்சாரம் பாதி நாள் ராத்திரியில்தான் வருகிறது. மணி பன்னிரண்டோ இரண்டோ, எழுந்து போய் மோட்டார் போட்டு மடை மாற்றிவிட்டு வர வேண்டும். கட்டுவிரியன் இரை தேடுகிற நேரமும் அதுதான். அது கடித்தால் பலருக்கு வலியே தெரியாது, எறும்பு என்று நினைத்து மறுபடி படுத்துவிடுவார்கள். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தவர்கள் சுமார் 12 லட்சம் பேர் என்று 2020-இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டிருக்கிறது. அதில் பெரும்பாலோர் கிராமத்துக்காரர்கள். அதனால் நல்ல டார்ச் லைட் வாங்குவதைப் பற்றி விவசாயப் பக்கத்தில் யாராவது எழுதுவார்கள் என்று காத்திருந்தேன். யாரும் எழுதக் காணோம், நானே எழுதுகிறேன்.

போன கார்த்திகையில் டவுன் கடை ஒன்றில் ஒரு லைட் வாங்கினேன். பெட்டியில் 20,000 லூமன் (வெளிச்சத்தின் அளவு) என்றும், உள்ளே இருந்த செல்லில் 9,900 எம்.ஏ.ஹெச். (செல் எவ்வளவு மின்சாரம் தேக்கும் என்ற அளவு) என்றும் போட்டிருந்தது. முதல் நாள் வெளிச்சத்தைப் பார்த்துத் தெருவே கூடிவிட்டது. நான்காம் நாள் ராத்திரி, கடைசி மடையில் கணுக்கால் தண்ணீரில் நிற்கிறேன், மூன்று முறை மினுக்கிவிட்டு அணைந்துபோனது. கிளம்பி முக்கால் மணி நேரம்கூட ஆகவில்லை. மண்வெட்டிக் காம்பால் தரையைத் தட்டிக்கொண்டே, முக்கால் பர்லாங்கு வரப்பை நடந்து கடந்தேன். அந்த நடையை இன்னொருவர் நடக்கக் கூடாது.

என் அக்கா மகன் செல்போன் ரிப்பேர் செய்கிறவன். லைட்டைத் திருகி செல்லை எடுத்தவன், "மாமா, இதைக் கையில தூக்கிப் பாருங்க, தக்கை மாதிரி இருக்கு" என்றான். பக்கத்துப் பூக்கடையில் முழம் போடாமல் எடை போட்டு விற்பதற்கு எலெக்ட்ரானிக் தராசு வைத்திருக்கிறார்கள். அதில் வைத்தோம். என் செல் 28 கிராம். அவன் கடையில் இருந்த நல்ல செல் ஒன்றை வைத்தோம். 47 கிராம். இரண்டும் ஒரே உயரம், ஒரே பருமன். பிளாஸ்டிக் உறை மட்டும்தான் போட்டிபோட்டு மின்னியது.

சார்ஜ் ஏற்றித் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் இந்த லித்தியம் செல்லுக்கு 18650 என்று பெயர். 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம், கடைசி சைபர் உருளை வடிவத்தைக் குறிப்பது. சாம்சங், எல்ஜி, பானாசோனிக் போன்றவர்கள் செய்கிற இந்த அளவு செல்கள் பெரும்பாலும் 2,500 முதல் 3,600 எம்.ஏ.ஹெச். வரைதான். அந்த உருளைக்குள் 9,900 அடங்கவே அடங்காது. அப்படி எழுதியிருந்தாலே கீழே வைத்துவிட்டு வந்துவிடலாம். இந்தப் பெயர்களை ஒட்டிய போலிகளும் சந்தையில் உண்டு, பழைய லேப்டாப் பேட்டரியைப் பிரித்துப் புது உறை சுற்றியதும் உண்டு. அதனால் 45 கிராமை ஒட்டிய எடையும், பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) பதிவு எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள்.

லூமன் கணக்கையும் வீட்டிலேயே போடலாம். 3,000 எம்.ஏ.ஹெச். என்றால் 3 ஆம்பியர் மணி. அதைச் செல்லின் 3.6 வோல்ட்டால் பெருக்கினால் 10.8 வாட் மணி. எல்.இ.டி. ஒரு வாட்டுக்குச் சுமார் 100 லூமன் தரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1,000 லூமன் எரித்தால் ஒரு மணி நேரத்தில் செல் காலி. 20,000 லூமனுக்கு 200 வாட் வேண்டும், ஒரு செல் மூன்றரை நிமிஷம்கூடத் தாங்காது. கையில் பிடிக்கவும் முடியாது, சுட்டுவிடும். நல்ல லைட்டுகளே சூடு ஏறியதும் தாமாக வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளும். அது பழுதில்லை.

வரப்பில் நடக்க 300 லூமன் தாராளம். ஆனால் வெளிச்சம் காலடியில் அகலமாக விழ வேண்டும். தென்னந்தோப்பின் மறுகோடியைப் பார்க்க ஒடுங்கிப் பாயும் ஒளி வேண்டும், அதற்குப் பெட்டியில் உள்ள மீட்டர் கணக்கைப் பாருங்கள். 200 மீட்டர் என்றால் அந்தத் தூரத்தில் பௌர்ணமி நிலா அளவு வெளிச்சம் விழும் என்று அர்த்தம். பாதித் தூரத்தில் அது நான்கு மடங்கு, அதுவே கண்ணுக்கு உதவுவது. மண்வெட்டி பிடிக்கிற கைக்குத் தலையில் மாட்டுகிற லைட்தான் சௌகரியம். நான் இப்போது இரண்டும் வைத்திருக்கிறேன், இரண்டுக்கும் ஒரே 18650 செல்.

சுவரில் செருகுகிற சார்ஜ் லைட்டை ஏன் விட்டேன் என்றும் சொல்ல வேண்டும். பலவற்றில் உள்ளே இருப்பது 4 வோல்ட் ஈய அமில பேட்டரி. காலியாக விட்டால் கெட்டுவிடும். 2018 நவம்பர் 16-இல் கஜா புயல் அடித்த பிறகு எங்கள் பக்கம் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. கரண்ட் வந்து பார்த்தபோது தெருவில் பாதிப் பேர் சார்ஜ் லைட் செத்துக் கிடந்தது. எங்கள் அப்பா வைத்திருந்த மூன்று கட்டை டார்ச்சுக்குக் கடையில் புது பேட்டரி வாங்கிப் போட்டு எரித்தோம். கழற்றி மாற்றக்கூடிய செல்லின் அருமை எனக்கு அன்றுதான் புரிந்தது.

சார்ஜர் விஷயத்தில்தான் எனக்குப் பயம் அதிகம். இந்த லித்தியம் செல் 4.2 வோல்ட் ஏறியதும் நிறுத்த வேண்டும். செல்போன் சார்ஜர் ஒயரை வெட்டி, இரண்டு முனையையும் செல்லில் ஒட்டி சார்ஜ் போடுகிறவர்களை நானே பார்த்திருக்கிறேன். அதில் வருவது 5 வோல்ட். செல் உப்பி வெடித்தால் கூரை மிஞ்சாது. ஒவ்வொரு செல்லுக்கும் தனிக் குழியும், தானாக நிறுத்தும் வசதியும் உள்ள சார்ஜர் வாங்குங்கள். 1 ஆம்பியரில் 3,000 எம்.ஏ.ஹெச். செல் ஏற நான்கு மணி நேரம் ஆகட்டும், அவசரம் வேண்டாம். பென்சில் சைஸ் நிக்கல் செல்லுக்கு உண்டான சார்ஜரில் லித்தியத்தைப் போடவே கூடாது. தகரக் கொட்டகையிலும் வண்டி சீட்டுக்கு அடியிலும் செல்லை வைக்காதீர்கள், வெயில் சூடு அதன் ஆயுளைத் தின்றுவிடும். மாற்று செல்லைச் சாவிக்கொத்தோடு வேட்டி மடிப்பில் சொருகாமல் சின்ன பிளாஸ்டிக் டப்பாவில் எடுத்துப் போங்கள். உறை கிழிந்த செல்லில் சாவி பட்டால் ஷார்ட் ஆகும்.

கூட்டுறவுக் கடைகளில் உரம், விதையோடு நம்பகமான செல்லும் சார்ஜரும் சரியான விலைக்குக் கிடைத்தால் பெரிய உபகாரம். தங்கள் இதழ் இதை வேளாண் துறையின் காதில் போட வேண்டும். கூடவே நல்ல செல், போலி செல் இரண்டின் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் அச்சிட்டால், கடைக்குப் போகும்போது கத்தரித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வோம். படம் எடுக்க வேண்டுமென்றால் அந்த 28 கிராம் செல்லை இன்னும் வைத்திருக்கிறேன், அனுப்பித் தருகிறேன்.

இப்படிக்கு,
கடைமடை விவசாயி ஒருவர்,
பேராவூரணி வட்டம், தஞ்சாவூர் மாவட்டம்.