பி53 ஆன்டிபாடியின் புதிய லாட் குறித்த புகார்

வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். கட்டி வளர்வதைத் தடுக்கும் மனித பி53 புரதத்தை வெஸ்டர்ன் பிளாட் முறையில் (புரதங்களை எடைவாரியாகப் பிரித்து, மெம்பிரேன் என்னும் சவ்வில் பட்டைகளாகக் காண்பது) கண்டறியவென்று தாங்கள் விற்கும் முயல் பாலிகுளோனல் ஆன்டிபாடி (முயலிலிருந்து எடுத்த பல எதிர்ப்புரதங்களின் கலவை) குறித்து நான் அனுப்பிய மின்னஞ்சல்களும் படங்களும் தங்கள் அலுவலகத்தில் மேசைக்கு மேசை மாறிக்கொண்டிருக்கின்றனவே தவிர, பொறுப்பாகப் பதில் சொல்ல ஒருவரும் முன்வராததால், தங்களுக்கே நேரடியாக எழுதுகிறேன்.

பழைய லாட்டில் (தயாரிப்புத் தொகுதியில்) எந்தக் குறையும் இருந்ததில்லை. புதிய லாட்டிலோ, பி53 அறவே இல்லாத எச்1299 நுரையீரல் புற்றுநோய்ச் செல்களிலும், பி53 இருப்பதுபோல், 53 கிலோடால்டன் (புரத எடையின் அலகு) அருகே தடித்த பட்டை விழுகிறது. பி53 அளவை உயர்த்தும் டாக்சோரூபிசின் மருந்து கொடுத்த எம்சிஎஃப்-7 மார்பகப் புற்றுநோய்ச் செல்களில் பட்டை இன்னும் தடிக்க வேண்டும். ஆனால் கொடுத்ததற்கும் கொடுக்காததற்கும் வேறுபாடே தெரியவில்லை. அதே மெம்பிரேனில் ஒப்பீட்டுக்காகப் பார்க்கும் பீட்டா-ஆக்டின் புரதம் 42 கிலோடால்டனில் எல்லாத் தடங்களிலும் சீராக வந்திருக்கிறது. தங்கள் ஆன்டிபாடி இல்லாமல், அதைக் காட்டித்தரும் இரண்டாம் நிலை ஆன்டிபாடியை மட்டும் சேர்த்த மெம்பிரேனில் ஒரு பட்டையும் இல்லை. இதற்கு மேலும் என்ன சான்று வேண்டும்?

இத்தனையையும் பொறுமையாகக் கேட்பதுபோல் கேட்டுவிட்டு, தங்கள் தொழில்நுட்ப உதவிப் பிரிவில் பேசியவர், எனக்குப் பிளாக்கிங் (ஆன்டிபாடி கண்ட இடத்தில் ஒட்டாதபடி மெம்பிரேனை மூடுவது) செய்யத் தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றதும், "புதிதாக வருபவர்கள் எல்லோரும் இப்படித்தான் சொல்வார்கள், உங்கள் வழிகாட்டியைப் பேசச் சொல்லுங்கள்" என்று இணைப்பைத் துண்டித்துவிட்டார். அந்தப் பேச்சை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை. அவருக்கு முன் பேசியவர் சேமிப்பில் தவறு என்றார். குப்பி வந்த அன்றே சிறு அளவுகளாகப் பிரித்து மைனஸ் 20 பாகையில் வைத்தோம் என்பதை முதல் மின்னஞ்சலிலேயே எழுதியிருந்தேன், அதை யாராவது படித்தார்களா? பாலிகுளோனல் ஆன்டிபாடி லாட்டுக்கு லாட் மாறக்கூடும் என்பது தயாரித்து விற்கும் தங்களுக்குத் தெரியாததா?

திரும்பக் கிடைக்காத நோயாளிகளின் கட்டித் திசு மாதிரிகளை இந்த லாட்டை நம்பித் தீர்த்துவிட்டோம். என் ஆய்வேடே மண்ணாகிப் போனது.

தயவுசெய்து இந்த லாட்டின் தரப் பரிசோதனைப் படத்தை அனுப்புங்கள். பழைய லாட்டில் இருப்பு இருந்தால் மாற்றித் தாருங்கள், இல்லையேல் முழுப் பணத்தையும் திருப்பித் தாருங்கள். இந்த வாரத்துக்குள் எழுத்துமூலம் பதில் வராவிட்டால், எல்லாப் படங்களுடனும் எங்கள் கொள்முதல் குழுவிடமும் நுகர்வோர் மன்றத்திடமும் முறையிடுவேன்.

இப்படிக்கு,
ஆராய்ச்சி மாணவி