ஷாக் அப்சார்பரை எத்தனை கிலோவுக்கு வைத்தீர்கள்?

ஒரகடத்திலும் ஓசூரிலும் நாட்டின் மற்ற ஊர்களிலும் நெடுந்தூரப் பைக்குகளை வடிவமைத்து விற்கும் நிறுவனங்களின் பொறியாளர்களுக்கும் சர்வீஸ் பிரிவுப் பொறுப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

உங்கள் விளம்பரத் தாளில் குதிரைத்திறன் புள்ளிக்குப் பின்னால் வரும் எண்ணோடு அச்சாகிறது. டார்க் எத்தனை ஆர்பிஎம்மில் உச்சம் தொடும் என்பதும் இருக்கிறது. பின்பக்க ஸ்பிரிங்கை எத்தனை கிலோ ஆளை மனதில் வைத்துத் தேர்ந்தெடுத்தீர்கள் என்பது மட்டும் தாளிலும் இல்லை, வண்டியோடு வரும் கையேட்டிலும் பெரும்பாலும் இல்லை. ஃபோர்க் (முன்சக்கரத்தைத் தாங்கும் இரட்டைக் குழாய்) பிரிக்கிறவர்கள், ஷாக் கட்டுகிறவர்கள், பெட்டி மாட்டிக்கொண்டு ஊர் ஊராக ஓட்டுகிறவர்கள் சேர்ந்து இந்த மடலை எழுதுகிறோம். கேட்பது புது ஷாக் அல்ல. ஒரு பக்கம் அச்சு, இரண்டு ஸ்பேனர், சில உதிரிகள்.

முதலில் அந்த ஒரு பக்கம்.

சஸ்பென்ஷன் சரியாக இருக்கிறதா என்று பார்க்க முதலில் அளக்க வேண்டியது அமுங்கல், அதாவது எடை ஏறும்போது வண்டி எவ்வளவு இறங்குகிறது என்பது. சக்கரம் தரையில் படாமல் தொங்கும்போது பின் அச்சிலிருந்து நேர் மேலே சீட் ஓரத்தில் ஒரு புள்ளி வரை அளந்தால் முதல் அளவு. வண்டி தன் எடையில் நிற்கும்போது அதே இரு புள்ளிகளுக்கு நடுவே இரண்டாவது அளவு. ஹெல்மெட், ஜாக்கெட் எல்லாம் போட்டு ஆள் உட்கார்ந்து, கால் இரண்டையும் ஃபுட்ரெஸ்ட்டில் வைத்த பிறகு மூன்றாவது. முதல் அளவிலிருந்து மூன்றாவதைக் கழித்தால் ஆளோடு அமுங்கல். கரடுமுரடான சாலையில் சுமையோடு ஓடும் வண்டிக்கு அது மொத்த நகர்வில் (சக்கரம் மேலும் கீழும் போகக்கூடிய தூரம்) ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இருக்க வேண்டும். ராயல் என்ஃபீல்ட் ஹிமாலயன் 450-க்கு இரண்டு பக்கமும் 200 மில்லிமீட்டர் நகர்வு. அதில் 60 முதல் 65 வரை அமுங்கி நின்றால் சரி. இன்டர்செப்டர் 650-க்குப் பின்பக்கம் 88 மில்லிமீட்டர்தான், எனவே அங்கே 29.

முதல் அளவிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் வெறும் வண்டியின் அமுங்கல் கிடைக்கும். இதைத்தான் யாரும் பார்ப்பதில்லை, நோய் என்னவென்று சொல்வதும் இதுதான். ஆளோடு அமுங்கல் சரியாக வந்தும், வெறும் வண்டி துளியும் அமுங்காமல் நின்றால் ஸ்பிரிங் அந்த ஆளுக்கு மெலிசு. அதைத் திருகித் திருகி உயரத்தைக் கொண்டு வந்திருக்கிறார்கள். வெறும் வண்டியே நிறைய அமுங்கி, ஆள் ஏறியதும் கொஞ்சமே கூடினால் ஸ்பிரிங் தடிப்பு. இதற்கு ஒரு டேப்பும் பிடித்துக்கொள்ள ஒரு ஆளும் பத்து நிமிடமும் போதும். இலவச சர்வீஸ் பட்டியலில் செயின் லூப்ரிகேஷன், கேபிள் லூப்ரிகேஷன் எல்லாம் இருக்கிறது. இந்தப் பத்து நிமிடம் இல்லை.

அளக்காததால் என்ன நடக்கிறது? பின்னால் அடி தட்டுகிறது என்று ஒருவர் வண்டியைக் கொண்டு வருகிறார். "ரெண்டு ஸ்டெப் டைட் வச்சிருக்கேன் சார், ஓட்டிப் பாருங்க" என்று திருப்பித் தருகிறார்கள். ஸ்பிரிங்கை முன்கூட்டியே அமுக்கிவைக்கும் ப்ரீலோட் வளையத்தைத் திருகினால் ஸ்பிரிங் கெட்டியாகும் என்ற நம்பிக்கை உங்கள் சர்வீஸ் சென்டர்களிலேயே வேரோடியிருக்கிறது. மில்லிமீட்டருக்கு 5 கிலோ கேட்கும் ஸ்பிரிங், எவ்வளவு திருகினாலும் மில்லிமீட்டருக்கு 5 கிலோதான் கேட்கும். மாறுவது வண்டி நிற்கும் உயரமும், எத்தனை கிலோவில் அது அசையத் தொடங்கும் என்பதும் மட்டுமே. தேவைக்கு மேல் திருகிய வண்டியில் சக்கரம் குழிக்குள் இறங்க இடமிருக்காது. மேட்டைத் தாண்டியதும் ஷாக் முழுதாக நீண்டு "டக்"கென்று மேலே தட்டும். அந்தச் சத்தத்தைக் கேட்டு ஷாக் போய்விட்டது என்று முடிவு செய்து, பல ஆயிரம் ரூபாய்க்கு வெளி நிறுவன ஷாக் வாங்குகிறார்கள். அதையும் அளக்காமலே மாட்டுகிறார்கள்.

இன்டர்செப்டரின் 88 மில்லிமீட்டரையே ஒரு கணக்குக்கு எடுத்துக்கொள்வோம். சக்கரத்தில் மில்லிமீட்டருக்கு 3 கிலோ தாங்கும் ஸ்பிரிங் என்று வையுங்கள். தனியாள் ஏறி 29 அமுங்கியாயிற்று. பின்சீட்டில் 60 கிலோ, பெட்டியில் 20 கிலோ ஏறினால் இன்னும் 27 போகும். மிச்சம் 32. இரண்டு விரல் அகலம்கூட இல்லாத அந்த இடத்துக்குள்தான் அடுத்த குழி அடங்க வேண்டும். ப்ரீலோடை ஏற்றி உயரத்தை மீட்கலாம், மீட்கத்தான் வேண்டும். ஆனால் இன்னும் அமுங்கிய ஸ்பிரிங் இன்னும் வேகமாகத் திருப்பி உதைக்கும், அதற்கேற்ப ரீபவுண்டையும் (அமுங்கிய ஷாக் திரும்பி நீளும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் திருகு) கொஞ்சம் மூட வேண்டும். ரீபவுண்ட் திருகே இல்லாத வண்டியில் அந்த உதையைப் பின்சீட்டில் இருப்பவர் முதுகெலும்புதான் வாங்கிக்கொள்கிறது.

ஆகவே நாங்கள் கேட்கும் அட்டவணையில் நான்கு வரிசை போதும்: தனியாள், தனியாளும் பெட்டியும், டபுள்ஸ், டபுள்ஸும் பெட்டியும். ஒவ்வொன்றுக்கும் ப்ரீலோட் எத்தனையாவது படி, ரீபவுண்ட் முழுதாக மூடியதிலிருந்து எத்தனை க்ளிக் திறக்க வேண்டும், ஆளோடு அமுங்கல் எத்தனை மில்லிமீட்டர், டயர் காற்று எவ்வளவு. எந்த எடைக்கு இந்தக் கணக்கு என்பதைத் தலைப்பிலேயே போடுங்கள். கூடவே ஸ்பிரிங் விகிதம், அதாவது ஒரு மில்லிமீட்டர் அமுங்க எத்தனை கிலோ என்பது. சோதனை ஓட்டத்தில் இவை எல்லாவற்றையும் நீங்கள் குறித்துத்தான் வைத்திருப்பீர்கள்.

அடுத்தது முன் ஃபோர்க். விலை குறைந்த வண்டிகளில் டாம்பிங் ராட் வகை ஃபோர்க்தான் வருகிறது. ஒரு குழாயில் சில துளைகள், அதன் வழியே ஆயில் ஓடுகிறது, அவ்வளவுதான். துளை வழியே தள்ளும் வேகம் இரண்டு மடங்கானால் எதிர்ப்பு கிட்டத்தட்ட நான்கு மடங்காகும். அதனால் பிரேக் பிடிக்கையில் மெதுவாக இறங்கும்போது பிடிப்பே இல்லாமல் மூக்கைக் குத்துகிறது, கூரான விளிம்பில் ஏறும்போது ஆயில் நுழைய நேரமில்லாமல் இரும்புத்தடி போல விறைத்து மணிக்கட்டை அடிக்கிறது. இரண்டும் ஒரே ஃபோர்க்கில்.

நம் வேகத்தடைகளை வைத்துப் பார்த்தால் இது எவ்வளவு மோசம் என்று புரியும். இந்தியச் சாலைக் காங்கிரஸின் வழிகாட்டுதல்படி வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமும் கொண்ட வளைந்த மேடு. மணிக்கு 25 கிலோமீட்டரில் கடப்பதற்காக. அந்த வேகத்தில் சக்கரம் சராசரியாக நொடிக்கு 0.38 மீட்டர் வேகத்தில் மேலே ஏறும். தெருவில் யாரோ கொட்டிவைத்த மேடு அதே உயரத்தை 30 சென்டிமீட்டருக்குள் எட்டிவிடுகிறது. அதே 25-இல் போனாலும் ஏறும் வேகம் 2.3 மீட்டர். ஆறு மடங்கு. அந்த மேடுகளைப் போட்டவர்களுக்குத் தனியாக ஒரு மடல் எழுத வேண்டும். ஆனால் உங்கள் ஃபோர்க் ஓடப்போவது அவற்றின் மேல்தான், வழிகாட்டுதல் புத்தகத்தின் மேல் அல்ல.

மூக்குக் குத்துவதைத் தடுக்க வெளிப் பட்டறைகளில் செய்யும் முதல் வேலை 10டபிள்யூ ஆயிலை வடித்துவிட்டு அதைவிடக் கெட்டியான 20டபிள்யூ ஊற்றுவது. பிரேக்கில் கொஞ்சம் நிதானம் வரும், கூர்விளிம்பில் அடி இன்னும் கொடுமையாகும். ஆயிலை மாற்றாமல் மட்டத்தை 5 மில்லிமீட்டர் ஏற்றிப் பார்ப்பது மேல். மேலே அடைபட்ட காற்று, நகர்வின் கடைசிப் பகுதியில் மட்டும் ஸ்பிரிங் போல எதிர்க்கும், தொடக்கம் மிருதுவாகவே இருக்கும். ஸ்பிரிங்கை வெளியே எடுத்து, ஃபோர்க்கை முழுதாக அமுக்கி, குழாய் விளிம்பிலிருந்து ஆயில் மட்டம் வரை அளக்க வேண்டும். 10 மில்லிமீட்டருக்கு மேல் ஏற்றினால் காற்றின் அழுத்தம், ஆயில் கசியாமல் தடுக்கும் சீல் வளையத்தைப் பிதுக்கிவிடலாம். இதைச் செய்ய உங்கள் மூல அளவு தெரிய வேண்டும். கையேட்டில் "இத்தனை மில்லி" என்று மட்டும் போடுகிறீர்கள். பிரித்த ஃபோர்க்கில் பழைய ஆயில் எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்பதைப் பொறுத்து அது மாறும். மட்டத்தையும் போடுங்கள். ஆயிலின் பாகுத்தன்மையை 40 டிகிரியில் சென்டிஸ்டோக்ஸ் என்ற அலகிலும் போடுங்கள். ஒரு நிறுவனத்தின் 10டபிள்யூவும் இன்னொன்றின் 10டபிள்யூவும் ஒரே பாகாக இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

ஃபோர்க் ஆயில் கசியும்வரை மாற்ற வேண்டாம் என்ற எண்ணமும் ஒழிய வேண்டும். மண்சாலை ஓடும் வண்டியில் 15,000 கிலோமீட்டரில் வடித்தாலே சாம்பல் நிறக் கஞ்சி போல வரும். ஃபோர்க் குழாய்களுக்கு நடுவே உரசும் புஷ் வளையம் தேய்ந்த உலோகப் பொடி அது.

இன்னொரு குறை ஃபோர்க்கில் இல்லை, அதை மாட்டும் கையில் இருக்கிறது. பஞ்சருக்கு முன்சக்கரத்தைக் கழற்றி மாட்டும்போது அச்சை இறுக்கிய கையோடு ஃபோர்க் காலின் அடியில் அச்சைக் கவ்விப் பிடிக்கும் பிஞ்ச் போல்ட்டையும் இறுக்கிவிடுகிறார்கள். இரண்டு கால்களும் இணையாக இல்லாமல் உள்ளிழுத்தோ வெளித்தள்ளியோ நிற்கும். சின்னச் சின்னச் சொரசொரப்பெல்லாம் கைக்கு வரும். அச்சை இறுக்கி, ஸ்டாண்டிலிருந்து இறக்கி, முன்பிரேக் பிடித்து நாலைந்து முறை அமுக்கிவிட்டு, பிறகுதான் பிஞ்ச் போல்ட். கையேட்டில் இந்த வரிசையைப் படத்தோடு போடுங்கள், பஞ்சர்க் கடைக்காரருக்கும் புரியும்படி தமிழில்.

பின்பக்கம் லிங்கேஜ் (ஷாக்கை இணைக்கும் நெம்புகோல் அமைப்பு) உள்ள வண்டிகளில் பேரிங்குகள் சகதிக்கு மிக அருகில் இருக்கின்றன. பிரஷர் வாஷ் அடிக்கும் தண்ணீர் கிரீஸை வெளியேற்றிவிடும். பிறகு ஷாக் புத்தம் புதிதாக இருந்தாலும் சின்ன மேட்டுக்கு அசையாது, பெரிய மேட்டுக்குத் திடீரென்று விடுபடும். கிரீஸ் நிப்பிள் வைத்தால் ஐந்து நிமிட வேலை. இல்லாததால் பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மையே இறக்க வேண்டியிருக்கிறது.

வரிவரியாக அலை விழுந்த மண்சாலையில் வண்டி கல்லாகிவிடுகிறது என்ற புகார் உங்களுக்கு நிறைய வந்திருக்கும். பாதிப் பேருக்குக் காரணம் ரீபவுண்ட் அதிகம் மூடியிருப்பது. ஒரு வரியில் அமுங்கிய சக்கரம் திரும்பி நீளுமுன் அடுத்த வரி வந்துவிடும். பத்து வரி தாண்டினால் ஷாக் அடியிலேயே உட்கார்ந்திருக்கும். ஓட்டுகிறவருக்கு அது கெட்டியாகத் தோன்றும், இன்னும் மூடுவார். இரண்டு க்ளிக் திறந்தால் வண்டி மூச்சுவிடும். சீட்டை ஓங்கி அமுக்கிக் கையை எடுத்தால் ஒரே மூச்சில் மேலே வந்து நிற்க வேண்டும், இரண்டாம் முறை ஆடக்கூடாது. இந்தச் சோதனையும் அந்தப் பக்கத்தில் இடம்பெறட்டும்.

டாப் பாக்ஸை நீங்களே துணைப்பொருளாக விற்கிறீர்கள், அதனால் அதையும் கேட்கிறோம். சக்கர இடைவெளி 1,500 மில்லிமீட்டர், பெட்டியின் நடு பின் அச்சுக்கு 300 மில்லிமீட்டர் பின்னால் என்றால் 15 கிலோ சாமான் பின்சக்கரத்தில் 18 கிலோவாக உட்கார்ந்து முன்சக்கரத்திலிருந்து 3 கிலோவை எடுத்துவிடும். பின்பக்கம் தாழ்ந்து, முன் ஃபோர்க் சாய்ந்து, வண்டி சரளையில் மிதக்கும். ஹெட்லைட் எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும். பெட்டி விற்கும்போதே அதற்கேற்ற ஸ்பிரிங்கையும் எண் போட்டு விலைப்பட்டியலில் சேர்க்கலாமே? ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200-க்கு ரேலி கிட் என்று நீண்ட, திருகி வைக்கக்கூடிய சஸ்பென்ஷன் தனியாக விற்பனைக்கு வந்தது. நாங்கள் கேட்பது அதைவிட எளிது: அதே ஷாக், மெலிசு ஒன்று, தடிப்பு ஒன்று என இரண்டு மாற்று ஸ்பிரிங். கூடவே சீல் கிட். சீல் கசிந்ததற்காக முழு ஷாக்கை, அதுவும் இரட்டை ஷாக் வண்டியில் ஜோடியாக, வாங்கச் சொல்வது நியாயமில்லை.

ஸ்பேனர் பற்றிச் சொன்னோம். ப்ரீலோட் வளையத்தைத் திருப்ப சி ஸ்பேனர் வேண்டும். சில வண்டிகளின் டூல் கிட்டில் அது இல்லை, சிலவற்றில் இருந்தும் சைடு பேனலையும் பெட்டித் தாங்கியையும் கழற்றாமல் உள்ளே போகாது. விளைவு, உளியும் சுத்தியலும். வளையத்தின் பள்ளங்கள் நசுங்கிய ஷாக்குகள் எங்கள் பட்டறை மேசைக்கு வந்துகொண்டே இருக்கின்றன. கைப்பிடியோடு ஒரு சி ஸ்பேனரும், லாக் நட்டுக்கு இன்னொன்றும் கொடுங்கள். பேனலில் அது நுழைய ஒரு வாயும் விடுங்கள்.

டயர் காற்று பற்றி மட்டும் நீங்கள் ஏற்கெனவே சரியாகச் செய்திருக்கிறீர்கள். பெட்ரோல் பங்கில் "40 போட்டுடுங்க" என்று சொல்லி டயர் என்ற முதல் ஸ்பிரிங்கையே கல்லாக்கிக்கொள்வது ஓட்டுகிறவர்கள் தவறு. குளிர்ந்த டயரில் எவ்வளவு என்று நீங்கள் ஸ்விங் ஆர்மிலும் செயின் கார்டிலும் ஸ்டிக்கர் ஒட்டியே அனுப்புகிறீர்கள். அந்த ஸ்டிக்கருக்குப் பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்கு இடம் காலியாக இருக்கிறது. நான்கு வரிசை அட்டவணை அங்கே தாராளமாக அடங்கும்.

இப்படிக்கு,
ஃபோர்க் பிரிப்பவர்களும் பெட்டி கட்டி ஓட்டுபவர்களும்