மறுவாழ்வு மையம் நடத்துகிறவர்களுக்கு ஒரு அக்காவின் மடல்

குடிபோதை மறுவாழ்வு மையம் நடத்தும் அய்யாமார்களுக்கு, வணக்கம்.

என் தம்பியையும் அப்படி ஒரு மையத்தில்தான் சேர்த்தோம். பெயர் வேண்டாம். இரண்டாம் நாள் ராத்திரி போன் வந்தது: "உங்க தம்பி ரொம்ப நடிக்கிறாரு, வந்து பாருங்க." போய்ப் பார்த்தால், கை வெடவெடக்க, போர்வையில் இல்லாத பூச்சிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருந்தான். ஆட்டோவில் போட்டு அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். நடிப்பில்லை, குடியைத் திடீரென்று நிறுத்தியதால் வந்தது என்றார் டியூட்டி டாக்டர். குளுக்கோஸ் பாட்டிலைத் தொடவிடவில்லை. முதலில் தயமின் ஊசி, அப்புறம்தான் மற்றது என்றார். வருஷக்கணக்காகக் குடிப்பவர்களுக்கு அந்த பி1 வைட்டமின் வற்றிப்போயிருக்குமாம்.

உங்கள் ஆட்கள் எங்களிடம் சொன்னது, "மனசு வெச்சா விட்டுடலாம்மா." சரி, அந்த மனசு எதில் ஓடுகிறது என்று தேடிப் படித்தேன்.

நரம்பு செல்களை வளரவைக்கும் புரதமான நரம்பு வளர்ச்சிக் காரணியைக் கண்டறிந்ததற்காக ரீட்டா லெவி-மொண்டால்சினிக்கும் ஸ்டான்லி கோஹனுக்கும் 1986இல் நோபல் பரிசு கிடைத்தது. அதன் பங்காளி, மூளையில் இருக்கும் பி.டி.என்.எஃப் என்ற இன்னொரு புரதம். எலிகளில் பார்த்திருக்கிறார்கள்: அளவாகக் குடித்தால் மூளையின் ஒரு பகுதியில் இது கூடி, மேலே குடிக்கவிடாமல் பிரேக் பிடிக்கிறது. நெடுநாள் மிதமிஞ்சிக் குடித்தால் அந்த பிரேக்கே தேய்ந்துவிடுகிறது. இன்னொரு பக்கம், சாராயம் குடல் சுவரைக் கசியவைக்கிறது. கிருமிகளின் நச்சு ரத்தத்தில் கலக்கிறது. நோய் எதிர்ப்பு மண்டலம் உசுப்பப்பட்டு, மூளையைக் காக்க வேண்டிய மைக்ரோக்ளியா செல்களே அங்கே அழற்சியைக் கிளப்பிவிடுகின்றன. பாட்டிலைப் பிடுங்கிய மறுநாளே இது அடங்கிவிடாது.

2023இல் அமெரிக்காவில், குடிக்குப் பழக்கிய குரங்குகளின் மூளைக்குள் ஜி.டி.என்.எஃப் என்ற இன்னொரு வளர்ச்சிக் காரணியின் மரபணுவைச் செலுத்திப் பார்த்தார்கள். குடி 90 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. மண்டையைத் துளைத்துச் செய்த வேலை அது. மனிதர்களுக்கான வைத்தியமாக இன்னும் வரவில்லை. நாளைக்கே இதன் பெயரில் யாராவது பவுடர் விற்க வந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள்.

நான் கேட்பது அவ்வளவு பெரிய விஷயமில்லை. 2017 மனநலச் சட்டமே குடியால் வரும் மனநலப் பாதிப்பையும் மனநோய் என்ற வரையறைக்குள் வைத்திருக்கிறது. அதனால் முதல் மூன்று நாட்கள் ஒரு டாக்டர் பக்கத்தில் இருக்கட்டும். குடியை விட உதவும் நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட் மாத்திரைகள் பற்றி வீட்டாரிடம் டாக்டரை விட்டுப் பேசச் சொல்லுங்கள். யோகா, பிரார்த்தனை எல்லாம் இருக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை.

அப்புறம், அடுத்த முறை யாராவது இல்லாத பூச்சியைப் பொறுக்கினால், அக்காவுக்குப் போன் போடுவதற்கு முன்னால் 108க்குப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு குடிநோயாளியின் அக்கா