சுவத்துல தொங்குற ஃபிலிம் மட்டும் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளிங்க நுரையீரல் பத்தி போன இதழ்ல வந்த கட்டுரை படிச்சேன். தூசி, மீத்தேன் ரெண்டையும் விவரமா எழுதியிருந்தீங்க, ஆனா ரேடான்ங்கிற கதிரியக்க வாயுவைப் பத்தி ஒரு வரிகூட இல்ல, அது மனசுக்கு ரொம்ப கஷ்டமா இருந்துச்சு. எங்க மாமா வடக்க ஒரு நிலக்கரிச் சுரங்கத்துல 27 வருஷம் கீழ இறங்கி வேலை பாத்தவரு. மீத்தேன் மீட்டர் தினமும் பாத்திருக்காரு, ரேடான்ங்கிற பேரையே ரிட்டயர் ஆனப்புறம் நான் சொல்லித்தான் கேட்டாரு.

பாறையிலயும் நிலக்கரியிலயும் கொஞ்சமா இருக்குற யுரேனியம் சிதைஞ்சு ரேடியமாகி அதுலேர்ந்து வர்ற வாயு இது, நிறமும் இல்ல வாசனையும் இல்ல, 3.8 நாள்ல பாதியாகிடும். மூச்சுல போற வாயுல பெரும்பங்கு திரும்ப வெளிய வந்துடும். ஆனா அது சிதைஞ்சு வர்ற பொலோனியம் இருக்கே, அது தூசியில ஒட்டிக்கிட்டு நுரையீரல்லயே தங்கி ஆல்ஃபா கதிரை அங்கயே விடும். 1988-லயே உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு ரேடானை புற்றுநோய் உண்டாக்குற முதல் பிரிவுல சேத்துடுச்சு. பீடி குடிக்கிறவங்களுக்கு ஆபத்து இன்னும் ஜாஸ்தி. கீழ பீடி தீப்பெட்டி கொண்டு போகக்கூடாது, ஆனா மேல வந்ததும் மொத வேலையே எங்க மாமாவுக்கு பீடிதான்.

நம்ம ஊர்ல இதை அளக்க எல்.ஆர்.115னு ஒரு சிவப்பு ஃபிலிமை மூணு மாசம் மாதிரி தொங்கவிட்டு, அப்புறம் காஸ்டிக் சோடாவுல அரிச்சு ஆல்ஃபா போட்ட தடத்தை எண்ணுவாங்க. கரண்ட் வேணாம், அதனால தீப்பொறி பட்டா வெடிக்கிற மீத்தேன் இருக்குற இடத்துலயும் பயமில்லாம வைக்கலாம், நல்ல முறைதான். ஆனா அது சொல்றது சுவரோட மூணு மாச சராசரி, ஆளு ஷிப்ட்ல இல்லாத ராத்திரி, லீவு நாள், ஃபேன் நின்ன நேரம் எல்லாம் சேத்து. அந்த ஆளு நின்னது எங்க? புதுக் காத்து வர்ற இன்டேக்ல ஒரு அளவு, அழுக்குக் காத்து வெளிய போற ரிட்டர்ன்ல வேற அளவு. கரி எடுத்துட்டு விட்ட கோஃப் பக்கம் நின்னா, வெளிய காற்றழுத்தம் குறையற அன்னிக்கு உள்ள அடைஞ்சிருந்த பழைய காத்து மொத்தமும் அவங்க மேலதான் வரும்.

அதனால தொழிலாளி இடுப்புலயோ தொப்பியிலயோ மாட்டிட்டுப் போற, அவரு வாங்கின கதிரளவைக் காட்டுற டோசிமீட்டர் வேணும். வாயுவை மட்டும் அளந்தா பத்தாது, பொலோனியம் மாதிரி சிதைவுப் பொருளையும் அளக்கணும், ஏன்னா காத்தோட்டத்தைப் பொறுத்து ரெண்டுக்கும் உள்ள விகிதம் மாறும். ஒர்க்கிங் லெவல் மந்த்னு கணக்கே இருக்கு, 170 மணி நேர வேலையை ஒரு மாசமா வச்சு, இந்தச் சிதைவுப் பொருளோட பாதிப்பு ஒரு ஆளுக்கு எவ்வளவு சேர்ந்துச்சுன்னு சொல்லும். போலந்துல மேல் சைலேசியா நிலக்கரிச் சுரங்கங்கள்ல ரேடியம் கலந்த உப்புத் தண்ணி வர்றதால இந்த மாதிரி கண்காணிப்பு பல வருஷமா நடக்குது.

காத்தோட்டம் நல்லா இருக்குற நிலக்கரிச் சுரங்கத்துல அளவு யுரேனியச் சுரங்கத்தைவிட பொதுவா கம்மியாத்தான் இருக்கும்னு தெரியும். கம்மின்னா கம்மின்னு ஒவ்வொரு தொழிலாளிக்கும் தனித்தனியா எழுதிக் குடுக்கட்டும். எங்க மாமா வாங்கினது எவ்வளவுன்னு இனிமே யாராலயும் சொல்ல முடியாது. இப்ப கீழ இறங்குறவங்க மெடிக்கல் ரெக்கார்டுல இந்தக் கணக்கு ஏறுதான்னு அடுத்த கட்டுரையில நிர்வாகங்கள்கிட்ட கேட்டு எழுதுங்க, தயவுசெஞ்சு.

இப்படிக்கு,
உங்க வாசகன்