கற்பனைப் பாத்திரம் என்பதைச் சொல்லிவிடுங்கள்

ஆசிரியர் அவர்கட்கு,

ஐயா,

கடந்த ஞாயிற்றுக்கிழமை தங்கள் பத்திரிகையின் வாசகர் பக்கத்தில், நமது பிள்ளைகள் யாழ்ப்பாணத்தை ஆண்ட சங்கிலி மன்னனை மறந்துவிட்டு, எங்கோ ஐரோப்பாவில் கூலிக்குப் போர் செய்த கற்பனைச் சேவகர்களோடு கணினியில் பொழுதைக் கழிக்கிறார்கள் என்று வாசகர் ஒருவர் மனம் வருந்தி எழுதியிருந்தார். அவருடைய கவலையை நான் மதிக்கிறேன். ஆயினும், முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பாடசாலைகளில் வரலாறு கற்பித்தவன் என்ற வகையில், அவர் குற்றத்தைச் சுமத்திய இடம் பிழையானது என்று எனக்குப் படுவதால் இதனை எழுதுகிறேன்.

அவர் கருதியது ‘கிங்டம் கம்: டெலிவரன்ஸ்’ என்ற விளையாட்டாகவே இருக்க வேண்டும். உயர்தரம் படிக்கும் என் மகளின் மகனும் அதைத்தான் விளையாடுகிறான். செக் நாட்டின் பிராக் நகரிலுள்ள வார்ஹோர்ஸ் நிறுவனம் 2018 இல் வெளியிட்ட இவ்விளையாட்டின் கதை, 1403 ஆம் ஆண்டில், இன்றைய செக் நாட்டின் பகுதியான பொஹீமியாவில் நடக்கிறது. மன்னன் வென்செஸ்லாஸைச் சிறைப்பிடித்த அவனது மாற்றாந்தாய் மகனான ஹங்கேரி மன்னன் சிகிஸ்மண்டின் படை, ஸ்கலிட்ஸ் என்ற வெள்ளிச் சுரங்க ஊரைச் சூறையாடுவதிலிருந்து கதை தொடங்குகிறது. அவ்விரு மன்னர்களும், அந்த ஊரை ஆண்ட ராட்சிக் கோபிலா என்ற பிரபுவும் மெய்யாக வாழ்ந்தவர்கள்; பெற்றோரைப் பறிகொடுத்துத் தப்பியோடும் கொல்லன் மகன் ஹென்றி மட்டும் ஆக்கியோர் படைத்த பாத்திரம்.

2019 இல் இக்கதையோடு சேர்க்கப்பட்ட ஒரு பகுதியில்தான் குனோ என்ற கற்பனைச் சேவகன் வருகிறான். தனது எல்லைகளைக் காக்க ஆட்கள் போதாத நிலையில் ராட்சிக் பிரபு அழைத்துக்கொள்ளும் கூலிப்படையொன்றின் தலைவன் அவன். வரவழைத்தவனுக்கே அவர்கள் மீது முழு நம்பிக்கை இல்லை. அதனால் ஹென்றியையும் அவர்களோடு அனுப்பிவைக்கிறான். காவலுக்கு வந்தவர்களாலேயே குடியானவர்கள் அஞ்சி நடுங்க நேர்வதை அப்பகுதி நெடுகக் காணலாம். ஒரு வெள்ளிக்கிழமை இரவு, நான் பேரனுக்குப் பின்னால் கதிரையைப் போட்டு அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். விசைப்பலகைக்குக் கீழே அவனது வரலாற்றுக் கொப்பி விரித்தபடி கிடந்தது. திடீரென்று விளையாட்டை நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினான். “அம்மப்பா, ராட்சிக் உண்மையா இருந்த ஆள். இந்தக் குனோ மட்டும் ஏன் ஒரு இடத்திலயும் இல்லை? சம்பளத்துக்குச் சண்டை பிடிச்ச ஆக்களின்ர பேரை ஒருத்தரும் எழுதி வைக்கேல்லையோ?” என்று கேட்டான்.

ஐயா, என் ஆசிரியப் பணிக்காலம் முழுவதிலும் இவ்வளவு நல்ல கேள்வியை ஒரு மாணவனும் என்னிடம் கேட்டதில்லை. அதனை அவனிடம் எழுப்பியது நான் கற்பித்த பாடமன்று. கற்பனையான ஒரு கூலிச் சேவகன். அந்த விளையாட்டுக்குள்ளேயே தகவற்களஞ்சியம் ஒன்று இருக்கிறது. அக்காலத்து மனிதர், சட்டம், தொழில், உணவு, வழிபாடு பற்றியெல்லாம் சிறு கட்டுரைகள் அதில் உள்ளன. மெய்யாக வாழ்ந்தவர்கள் பற்றி வரலாறு சொல்வதை அங்கே படித்துவிட்டு வந்து கதையைத் தொடரலாம். ஆகவேதான் பதினெட்டு வயதுப் பையன் ஒருவனால், ராட்சிக் இருந்தவன், குனோ இல்லாதவன் என்று பிரித்தறியவும், ஏன் இல்லை என்று மேலும் கேட்கவும் முடிந்தது. 2025 இல் வந்த இரண்டாம் பாகத்தில் யான் ஜிஷ்கா வருகிறான். அவன் மெய்யாகவே கூலிப்படை வீரனாக இருந்து 1410 இல் குருன்வால்ட் போரில் போலந்தின் பக்கம் நின்றவன். பின்னர் கண்பார்வையை முற்றாக இழந்த நிலையிலும் சமயச் சீர்திருத்தம் கோரிய ஹுசைட் படைகளை நடத்தியவன். இருந்தவனும் இல்லாதவனும் அருகருகே நிற்கும் இத்தகைய கதையில் அந்தப் பிரிவினை இன்னும் வேண்டியதாகிறது.

நம்மிடம் இந்த ஒழுங்கு இல்லை என்பதே என் மனக்குறை. சில ஆண்டுகளுக்கு முன், ஒரு பாடசாலையின் பரிசளிப்பு விழாவில் சங்கிலி மன்னன் பற்றிய நாடகமொன்று மேடையேறியது. பிள்ளைகள் மிகச் சிறப்பாக நடித்தார்கள். ஆனால் கதைக்குச் சுவையூட்டுவதற்காக, எந்த ஏட்டிலும் இல்லாத படைத்தலைவன் ஒருவனைப் பெயர் சூட்டி உருவாக்கியிருந்தார்கள்; அவன் புனைவு என்பதை அழைப்பிதழிலோ அறிமுக உரையிலோ ஒருவரும் சொல்லவில்லை. அடுத்த தவணைப் பரீட்சையில் நான் திருத்திய விடைத்தாளொன்றில், போர்த்துக்கேயரை எதிர்த்தவர்களின் பட்டியலில் அந்தப் பெயர் இருந்தது. அவன் மேடையில் பேசிய வசனமும் மேற்கோள் குறிக்குள் எழுதப்பட்டிருந்தது. சிவப்புப் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் இருந்தேன். அந்தப் பிள்ளையிடம் நான் எந்தப் பிழையைக் காண்பேன்? பெரியவர்கள் மேடையேற்றியதை நம்பியதுதான் அது செய்தது.

சங்கிலியின் கதையே இதற்குத் தக்க சான்று. 1519 முதல் 1561 வரை ஆண்ட முதலாம் சங்கிலி வேறு. 1619 இல் போர்த்துக்கேயத் தளபதி பிலிப் தே ஒலிவேராவிடம் தோற்றுக் கோவாவுக்குக் கொண்டு செல்லப்பட்டுக் கொல்லப்பட்ட சங்கிலி குமாரன் வேறு. இருவருக்கும் இடையில் அரை நூற்றாண்டுக்கு மேல் இடைவெளி உண்டு. முதலாமவனின் மன்னார்ப் படையெடுப்பையும் இரண்டாமவனின் வீழ்ச்சியையும் ஒரே மனிதனின் வாழ்க்கையாகச் சொல்வோரை நமது ஊரில் இன்றும் எங்கும் காணலாம். நாம் பெரிதும் நம்பியிருக்கும் யாழ்ப்பாண வைபவமாலை, ஒல்லாந்தர் காலத்தில் 1736 அளவில், இராச்சியம் வீழ்ந்து நூறாண்டுக்கும் மேலான பின் மயில்வாகனப் புலவரால் இயற்றப்பட்டது. செவிவழிக் கதையும் வரலாறும் அதில் கலந்தே இருக்கின்றன. புலவரைக் குறை சொல்ல நான் வரவில்லை. அவர் தமக்குக் கிடைத்ததைத் தொகுத்துத் தந்தார். பிரித்தறியும் பொறுப்பு நம்முடையது.

பேரன் கேட்ட கேள்விக்கு வருகிறேன். கூலிப்படை நமக்குப் புதிய சங்கதியன்று. திருக்குறளின் படைமாட்சி அதிகாரத்துக்கு உரையெழுதும் பரிமேலழகர் மூலப்படை, கூலிப்படை, நாட்டுப்படை, காட்டுப்படை, துணைப்படை, பகைப்படை என அறுவகைப் படைகளை எண்ணுகிறார். பொலன்னறுவையில் வேளைக்காரர் என்ற தமிழ்ப் படையினரின் கல்வெட்டு தமிழிலேயே இருக்கிறது. அங்கிருந்து ஆண்ட சிங்கள மன்னன் விசயபாகு சோழருக்கு எதிராகப் புறப்படுமாறு ஆணையிட்டபோது, தங்கள் இனத்தாரோடு பொர மறுத்துக் கிளர்ந்தெழுந்து அரண்மனைக்குத் தீ வைத்தவர்கள் அவர்கள். கிளர்ச்சித் தலைவர்களை மன்னன் கொடுமையாகத் தண்டித்தான். அப்படியிருந்தும், அம்மன்னனின் காலத்துக்குப் பின் புத்தரின் புனித தந்தத்தைக் காக்கும் பொறுப்பை ஏற்று, அக்கோயிலுக்கு ‘மூன்றுகைத் திருவேளைக்காரன் தளதாய்ப் பெரும்பள்ளி’ என்று தங்கள் பெயரையே இட்டுக் கல்லில் பொறித்தவர்களும் அதே வேளைக்காரர்தாம். சம்பளம் வாங்கிப் போர் செய்தவனுக்கு எதுவரை பணிவு, எந்த இடத்தில் மறுப்பு என்பதற்கு இதைவிடச் செறிந்த ஒரு கதையை நான் அறியேன். அந்தக் கல்லில் படைப்பிரிவுகள் பேசுகின்றன. தீ வைத்த இரவில் பந்தம் ஏந்தி நின்ற ஒரு தனி வீரனின் அச்சத்தையோ, அவன் வீட்டில் காத்திருந்தவர்களையோ அது சொல்லாது.

நம் யாழ்ப்பாணத்துக்கே வந்தால், சங்கிலி குமாரனுக்காகவும், அவன் வீழ்ந்த பின்னும், தஞ்சாவூர் இரகுநாத நாயக்கன் அனுப்பிய வடுகர் எனப்பட்ட தெலுங்குப் படையினர் இம்மண்ணில் போரிட்டார்கள். அவர்களைக் கூலிப்படை என்பதா, துணைப்படை என்பதா என்று வகுப்பறையில் ஒரு நாள் முழுவதும் விவாதிக்கலாம். மன்னர்கள் அதைத் துணை என்றார்கள், கடல் கடந்து வந்த சாதாரணச் சேவகன் அதை எப்படி எண்ணினான் என்பது வேறு. எதிர்ப்பக்கத்தில் போர்த்துக்கேயரின் சம்பளத்தில் லஸ்கரின்களாக நின்றவர்களும் இத்தீவின் மக்களே. இருபக்கத்திலும் இறந்த இம்மனிதர்களில் பெரும்பாலானோரின் பெயரை எவரும் எழுதி வைக்கவில்லை. பெயரில்லாத ஒருவனைப் பிள்ளைகள் முன் நிறுத்த வேண்டுமாயின், அவனுக்கு ஒரு பெயர் வைத்து, ஒரு ஊரையும் ஒரு தாயையும் கொடுத்துக் கற்பனையாகத்தான் படைக்க முடியும். குனோவைப் படைத்தவர்கள் செய்தது அதுவே. ஆகவே கற்பனைப் பாத்திரத்தைப் பகையாகக் கருதும் கடிதக்காரரின் முடிவை என்னால் ஏற்க இயலவில்லை. நல்லூருக்கு வந்திறங்கிய வடுகச் சேவகன் ஒருவனின் கண்வழியாக 1619 ஐக் காட்டும் நாடகமோ விளையாட்டோ நமது இளைஞர்களால் ஆக்கப்படுமாயின், முதல் ஆளாய்ப் போய் முன்வரிசையில் அமர்வேன்.

அதற்கு ஒரேயொரு நிபந்தனையை மட்டும் வேண்டுகிறேன். நாடகமாயின் அழைப்பிதழின் பின்பக்கத்திலும், குறும்படமாயின் தொடக்க எழுத்துகளிலும், கணினி விளையாட்டாயின் அதன் உள்ளேயும், இன்னின்னார் வரலாற்றில் வாழ்ந்தவர், இன்னின்னார் எமது படைப்பு என்று பெயர் பெயராக அச்சிட்டுத் தரவேண்டும். அச்சுச் செலவு அரைப் பக்கத்துக்கு மேல் வராது. தங்கள் பத்திரிகையும் ஞாயிறு வாரமலரில் வரும் வரலாற்றுத் தொடர்களின் அடியில் இதே குறிப்பைச் சேர்க்குமாயின், தவணைப் பரீட்சை விடைத்தாள்களைத் திருத்தும் என் போன்ற ஆசிரியர்கள் பெரிதும் நன்றி பாராட்டுவார்கள்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
நல்லூர், யாழ்ப்பாணம்.