தம்பிக்கு, எடை விஷயமாக

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம். அம்மாவுக்கு முட்டிவலி பரவாயில்லை. நீ போன் செய்து 22 நாள் ஆகிறது என்று அவள் காலண்டரில் கோடு போட்டு வைத்திருக்கிறாள். நான் எண்ணவில்லை. பணம் மட்டும் ஒண்ணாம் தேதி டாண் என்று வந்துவிட்டது. நேரத்துக்குச் சாப்பிடு. ராத்திரி வெறும் பிரெட்டோடு நிறுத்திக்கொள்ளாதே, ஒரு பிடி சோறாவது வடித்துக்கொள்.

ஹாலுக்குப் பெயின்ட் அடிக்கிறோம். அதற்காக அந்தப் படத்தைக் கழற்றினேன். 2020 ஏப்ரலில் முகக்கவசம் ஏற்றிக்கொண்டு உக்ரைனின் ராட்சதச் சரக்கு விமானம் மிரியா ஜெர்மனியின் லைப்சிக்கில் இறங்கியபோது, வேலிக்கு வெளியே நின்று நீ எடுத்தது. "எரிஞ்சு போனதை எதுக்கு மறுபடியும் மாட்டணும்" என்கிறாள் அம்மா. கீவ் பக்கத்து ஹோஸ்டோமல் விமான நிலையத்தில் நடந்த சண்டையில் மூக்கு கருகி, ஹேங்கருக்கு அடியில் அது கிடந்ததை 2022-இல் டிவியில் பார்த்ததிலிருந்தே அவளுக்கு அந்தப் படம் ஆகவில்லை. நான் பதில் சொல்லாமல் படத்தை மடியில் வைத்துக்கொண்டு சக்கரங்களை எண்ணினேன். முன்னால் 4, பின்னால் 28. படத்தில் பாதிதான் தெரிகிறது.

ஏழாவது படிக்கும்போது, அதற்கு ஏன் ரெண்டு வால் என்று நீ கேட்டாய். பெரிய விமானம் இல்லையா, அதனால்தான் என்று சொல்லிவிட்டேன். ரெண்டு நாள் கழித்து நீயே வந்து திருத்தினாய்: முதுகில் சோவியத் விண்கலமான புரானை வைத்தால் அதன் பின்னால் காற்று கலங்கிவிடும், நடுவில் ஒற்றை வால் இருந்தால் வேலைக்கு ஆகாது, அதனால்தான் ரெண்டு ஓரத்திலும் வைத்தார்கள் என்று. கார்கோவில் அத்தனை வருஷம் குப்பை கொட்டிய எனக்கு ஏழாங்கிளாஸ் பையன் பாடம் எடுத்தான் என்று ஷெட் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். உன்னிடம்தான் சொல்லவில்லை.

புரானையும் எனர்ஜியா ராக்கெட்டின் பாகங்களையும் பைக்கோனூர் ஏவுதளத்துக்குச் சுமந்து போகத்தான் கீவில் அதைக் கட்டினார்கள். ரயிலிலோ ரோட்டிலோ போகிற அளவா அவை! ஆனால் புரான் விண்ணுக்குப் போனது ஒரே ஒரு தரம், 1988 நவம்பர் 15, அதுவும் ஆளில்லாமல். மிரியா முதன்முதலில் பறந்ததே டிசம்பர் 21-ஆம் தேதிதான். பல்லக்கு வந்து சேர்வதற்குள் சாமி புறப்பாடு முடிந்துவிட்டது. மறு வருஷம் பாரிஸ் கண்காட்சிக்குப் புரானை முதுகில் ஏற்றிக்கொண்டு போய்க் காட்டினார்கள். அப்புறம் நாடே உடைந்தது, திட்டமும் நின்றது. 1994-லிருந்து ஏழு வருஷம் மூலையில் கிடந்தது. இன்ஜின்களைக் கழற்றி அன்-124 விமானங்களுக்கு மாட்டிவிட்டார்கள். ஒருத்தன் சம்பாத்தியத்தில் மற்றவர்கள் ஓடுகிற வீடு மாதிரி. எதையும் மனதில் வைத்துக்கொண்டு சொல்லவில்லை, சும்மா தோன்றியது.

2001-இல் மறுபடி எழுந்தது. 2009-இல் ஜெர்மனியிலிருந்து ஆர்மீனியாவுக்குப் போன அந்த ஜெனரேட்டர் ஞாபகம் இருக்கிறதா? ஒற்றைச் சாமான், 187.6 டன். முன்சக்கரத்தை மடக்கி, மூக்கை மேலே தூக்கி, யானை மண்டியிடுவது போல உட்கார்ந்து வாங்கிக்கொள்ளும். அந்த எடையைத் தளம் முழுக்கப் பரப்பி உட்காரவைக்கிறார்களே, அங்கேதான் தொழில் இருக்கிறது. பறப்பதெல்லாம் அப்புறம்.

மற்ற ராட்சத விமானங்களின் கதையும் கிட்டத்தட்ட இதுதான். அமெரிக்காவில் ஹோவர்ட் ஹியூஸ் மரத்தால் ஒன்று கட்டினார். ஜெர்மன் நீர்மூழ்கிகளுக்குத் தப்பிப் படைகளைக் கடல் தாண்டிக் கொண்டுபோக. அது கிளம்பிய 1947-இல் யுத்தம் முடிந்து ரெண்டு வருஷம். ஒரு நிமிஷம்கூடப் பறக்கவில்லை. ராக்கெட்டை நடுவானிலிருந்து ஏவுவதற்காகப் பால் ஆலன் கட்டிய ஸ்ட்ராட்டோலான்ச், இறக்கை நுனிக்கு நுனி 117 மீட்டர், அவர் போய் ஆறு மாதம் கழித்துத்தான் பறந்தது. ஏ380 பயணிகள் விமானத்தை எனக்குப் பிடிக்காது, உனக்கே தெரியும். அது பஸ்.

மிரியா 640 டன்னோடு கிளம்பலாம் என்று கணக்கு. வெறும் உடம்பே 285 டன். மீதி முழுக்கச் சரக்கு என்று நினைப்பவன் கார்கோ ஆள் இல்லை, எண்ணெயும் அதற்குள்தான் வர வேண்டும். சுமை ஏற ஏற எண்ணெய் குறையும், போகிற தூரமும் குறையும். சித்திரை மத்தியானம் மீனம்பாக்கத்தில், காலையில் ஏற்றிய அளவை அதே விமானத்தில் ஏற்ற முடியாது. வெயிலில் காற்று லேசாகிவிடும், தாங்காது. விமானத்தின் மேல் குற்றமில்லை. நீ சனி ஞாயிறிலும் ஏதோ கிடங்கு வேலைக்குப் போகிறாயாம், வீட்டை விட்டு ஒற்றை அறைக்கு மாறிவிட்டாயாம், அக்கா சொன்னாள். நான் கேட்கவில்லை. சாப்பிடு என்றுதான் சொல்கிறேன்.

ஆனாலும் ஒரு வார்த்தை வீட்டில் சொல்லத் தோன்றவில்லையா உனக்கு? அடுத்தவர் வாயால் தெரிந்துகொள்கிற அளவுக்கா நாங்கள் ஆகிவிட்டோம்?

இதை எழுதிவிட்டு ஒரு மணிநேரம் பேனாவை மூடி வைத்திருந்தேன். உன்னைக் கேட்க எனக்கு யோக்கியதை இல்லை.

எங்கள் வேலையில் மன்னிக்கவே முடியாத தப்பு ஒன்றுதான், எடையைக் குறைத்து எழுதுவது. 2300 கிலோ பெட்டியை 1900 என்று எழுதிக்கொண்டு வந்தவனை நான் கத்திய கத்தலில் ஷெட்டே திரும்பிப் பார்த்தது. பைலட் அந்தச் சீட்டை நம்பித்தானே கிளம்புகிறான்! உனக்கு நான் எழுதிக் கொடுத்த சீட்டு பொய், தம்பி. வீட்டுக் கடன் நான் ரிட்டயர் ஆன வருஷமே பி.எஃப். பணத்தில் முடிந்துவிட்டது. ஆறு வருஷமாக நீ கட்டிக்கொண்டிருப்பது ஆபீஸ் நண்பர் ஒருவருக்கு நான் போட்ட ஜாமீன் கையெழுத்தை. அவர் கைவிரித்துவிட்டார். 2016 மே மாதம் பெர்த்துக்கு ஜெனரேட்டர் கொண்டுபோகிற வழியில் மிரியா ஹைதராபாத்தில் இறங்கியது. நீ எனக்கும் சேர்த்து சார்மினார் எக்ஸ்பிரஸில் தட்கல் எடுத்தாய். லீவு கிடைக்கவில்லை என்றேன். லீவு இருந்தது. அன்றைக்குத்தான் வக்கீல் நோட்டீஸ் வந்தது. நீ தனியாகப் போகாமல் டிக்கெட்டைக் கேன்சல் செய்தாய். இனி அதைப் பார்க்கவே வழியில்லை.

உன்னிடம் நான் சொன்னது வீட்டின் எடை. ஏற்றியது என் மடத்தனத்தின் எடை. வீட்டுக்காக என்று நினைத்துச் சுமந்தாயே, அதுதான் என்னைத் தின்கிறது. அம்மாவுக்கும் தெரியாது. இதைத் தபாலில் போட்டுவிட்டு வந்து சொல்லப்போகிறேன். திரும்பி வந்து மனம் மாறிவிடக்கூடாது என்றுதான் முதலில் தபால்.

பாக்கி 4 லட்சத்துச் சொச்சம். என் டெபாசிட்டை உடைத்து இந்த வாரமே அடைக்கிறேன். அடுத்த மாதம் பணம் அனுப்பாதே. அனுப்பினால் திருப்பிவிடுவேன். அந்தக் கிடங்கு வேலையை விடு. கோபம் இருந்தால் போனில் திட்டு, அம்மா பக்கத்தில் இருந்தாலும் பரவாயில்லை.

பார்சல் தனியாக வருகிறது. பருப்புப்பொடி, நாரத்தங்காய், இரண்டு உள் பனியன். படத்தை மறுபடி மாட்டுவதா என்று நீ சொல், ஆணி அப்படியேதான் இருக்கிறது. பார்சல் மேலே 4 கிலோ 300 என்று எழுதியிருக்கும். மூன்று தரம் தராசில் வைத்துப் பார்த்துத்தான் எழுதினேன்.

அன்புடன்,
அப்பா