தயிருக்குச் செய்த சோதனை

உறையூர்,
திருச்சி.

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கு நானும் அப்பாவும் நலம். அங்கு நீயும் உன் நான்கு பூனைகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நம்புகிறேன் என்றுதான் எழுத முடிகிறது. பொங்கலுக்குப் பிறகு உன் குரலை நான் கேட்கவில்லை. வாட்ஸ்அப்பில் நாள் தவறாமல் பதில் வருகிறது, பூனைப் படங்கள் வருகின்றன, அப்பாவின் சர்க்கரை அளவை மறக்காமல் விசாரிக்கிறாய். குறை சொல்ல ஒன்றுமில்லை. அழைத்தால் மட்டும், "மீட்டிங்கில் இருக்கிறேன் அம்மா, எழுதிவிடு" என்று வருகிறது. எழுதச் சொன்னாய் அல்லவா, எழுதுகிறேன். அத்தையின் மருமகன் அடுத்த வாரம் ஃபிராங்க்ஃபர்ட் திரும்புகிறான். பொடிகளோடு இதையும் அவனிடம் கொடுத்தனுப்புகிறேன்; அங்கிருந்து பெர்லினுக்குத் தபாலில் சேர்ப்பிப்பதாகச் சொல்லியிருக்கிறான். நீ கேட்ட நெய்யை வைக்கவில்லை. பால் பொருள்களைப் பெட்டியில் கொண்டுவர அங்கே அனுமதி இல்லையாம்.

நீ அனுப்பிய ஒலிப்பதிவைக் கேட்டேன். போனின் ஒலிபெருக்கியில் ஒன்றும் கேட்காது என்று தெரியும். பூனையின் குர்ர் என்ற ஒலி 25 ஹெர்ட்ஸ் அளவில் தொடங்குவது, அதை அந்தச் சின்னத் தகடு எப்படித் தரும்? பரணிலிருந்து என் பழைய ஹெட்போனை இறக்கித் துடைத்து, மாட்டிக்கொண்டு கேட்டேன். பாட்டி என்று நீ பெயர் வைத்திருக்கும் அந்தக் கிழப்பூனைதானே அது? மூச்சை உள்ளே இழுக்கும்போதும் வெளியே விடும்போதும் அறுபடாமல் ஓடுகிற அந்த ஒலியில், மூச்சு திரும்பும் இடத்தில் மட்டும் ஒரு சிறு தயக்கம் இருக்கிறது பார், அதைக்கூடப் பிடித்திருக்கிறாய். மைக்கை விலாவுக்கு அருகில் ஒரு சாண் தூரத்தில் வைத்திருப்பாய் என்று நினைக்கிறேன். வானொலி நிலையத்தில் இருந்த காலத்தில் இப்படி ஒரு பதிவை யாராவது கொண்டுவந்திருந்தால், செய்தவர் யார் என்று கேட்டிருப்பேன். அப்பாவுக்கும் மாட்டிவிட்டேன். "மோட்டார் ஓடுகிற மாதிரி இருக்கிறது" என்றார். அவரிடம் வேறு என்ன எதிர்பார்க்க முடியும்? அந்தப் பதிவைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

பூனைகள் விஷயத்தில் நான் பழைய மாதிரி பேசுவதில்லை என்பதை நீ கவனித்திருப்பாய். நாலு எதற்கு என்று கேட்டது உண்மை. இப்போது நானே அவற்றைப் பற்றிப் படிக்கத் தொடங்கிவிட்டேன். உங்கள் ஊர்ச் சன்னல்களை மேல்புறம் உள்ளே சாயும்படி திறக்கும் வழக்கம் இருக்கிறதே, அதில் வெளியேறப் பார்க்கும் பூனை அந்த இடுக்கில் சிக்கிக் கீழே கீழே வழுக்கி நசுங்கிவிடும் என்று போட்டிருந்தது. மிளகு எதிலும் தலையை நுழைக்கிறவள். கம்பித் தடுப்பு மாட்டாமல் சன்னலைச் சாய்க்காதே. லில்லிப் பூ வீட்டுக்குள் வரவே கூடாது. அதன் மகரந்தத்தை நக்கினாலே சிறுநீரகம் போய்விடும். சாம்பார் சாதம் மிஞ்சியது என்று தட்டை அவற்றின் முன் வைக்காதே, வெங்காயம் பூனைக்கு விஷம். சன்னலை மறக்காதே.

உன் அன்றாடத்தை நீ துண்டு துண்டாகச் சொன்னதிலிருந்து நான் ஒருவாறு கோத்து வைத்திருக்கிறேன். ஐந்து மணிக்கு மோனோ அந்த ஒற்றைக் காதோடு வந்து உன் மார்பில் ஏறி நின்று எழுப்புகிறான். நான்கு கிண்ணங்களையும் நான்கு மூலைகளில் வைக்கிறாய், இல்லாவிட்டால் மிளகு எல்லோருடையதையும் தின்றுவிடுகிறாள். அவற்றின் கழிவு மண்தட்டுகளைச் சுத்தம் செய்கிறாய். பிறகு கணினி. ஒலிபெருக்கியின் முன்துணியை நகத்தால் பிறாண்டியதால் அதன்மேல் கம்பி வலை போட்டாய். ஹெட்போன் வயரைக் கடித்துவிட்டதால் புதியது வாங்கினாய். ஒலிகளைக் கலக்கும் பலகையின் நகர்விசைகளுக்குள் முடி புகாமல் இரவில் துணி போர்த்துகிறாய். சூடாக இருக்கிறது என்று பாட்டி ஆம்ப்ளிஃபையர் மேல்தான் உறங்குவாள், ஆகவே காலையில் அவள் எழுந்து போகும்வரை அதன் பித்தான்களைத் தொடுவதில்லை. சொந்த அக்கா வீட்டில் இரண்டு நாள் தங்கினால் பொறுமை போய்விடுகிற பிள்ளை, ஒரு பூனை எழுந்திருக்கக் காத்திருக்கிறான் என்பதைக் கேட்டு அக்கா சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

உன் வேலையை எல்லோருக்கும் நான்தான் விளக்குகிறேன். "பாட்டுக்கு எதிரொலி சேர்க்கும் மென்பொருள் எழுதுகிறான்" என்றால் பக்கத்து வீட்டு அம்மாளுக்குப் போதும். ஆனால் எனக்கு அது போதாது. ஒலியை நொடிக்கு 48,000 முறை அளந்த மாதிரிகள், அதில் 128 மாதிரிகளைக் கொண்ட ஒரு தொகுதி என்றால் உனக்குக் கிடைப்பது 2.7 மில்லிவினாடிக்கும் குறைவு, அதற்குள் கணக்கை முடித்துத் தராவிட்டால் கேட்பவர் காதில் டக்கென்று ஒரு வெட்டு விழும், ஆகவே அந்த நேரத்துக்குள் நினைவகம் கேட்கக் கூடாது, கோப்பைத் திறக்கக் கூடாது, எதற்காகவும் காத்திருக்கக் கூடாது என்று நீ சொன்னபோது, அது எங்கள் நேரடி ஒலிபரப்பின் நியாயம்தான் என்று எனக்கு உடனே புரிந்தது. 1939-இல் தொடங்கிய நிலையம் எங்களுடையது. எத்தனை பேர் மாறினாலும் ஒலி அறுந்தால் குறிப்பேட்டில் காரணம் எழுதியே ஆக வேண்டும் என்ற விதி மாறவில்லை. நாடாவைப் பிளேடால் அறுத்து ஒட்டிய கையின் பிள்ளை இந்த வேலைக்கு வந்ததில் எனக்குள்ள பெருமையை உன்னிடம் அதிகம் சொன்னதில்லை, சொன்னால் அடுத்த வாரமே சம்பளம் போதவில்லை என்று ஆரம்பிப்பாய்.

சென்ற ஆண்டு நீ இன்னொன்றும் சொன்னாய். எதிரொலி தேயத் தேய எண்கள் பூஜ்யத்தை நெருங்கும். ஆனால் பூஜ்யமாகாமல் அதன் பக்கத்திலேயே நிற்கிற மிக நுண்ணிய எண்களைக் கூட்டிப் பெருக்கத்தான் செயலிக்கு அதிக நேரம் பிடிக்கும். ஆகவே இசை முழங்கும்போது ஒழுங்காக ஓடுகிற நிரல், இசை அடங்கும்போது திணறும். அவற்றை ஒரேயடியாகப் பூஜ்யமாக்கிவிடும்படி கட்டளை கொடுத்தால்தான் சரியாகும் என்றாய். தம்பி, நீ அடியோடு பேசாமல் இருந்திருந்தால் நான் சண்டை போட்டுத் தீர்த்திருப்பேன். தினமும் இரண்டு வரி வருகிறது, குரல் மட்டும் வரவில்லை. அந்த இரண்டு வரியைக் கூட்டிப் பெருக்கித்தான் நான் இரவெல்லாம் திணறுகிறேன்.

சரி, அந்தப் பதிவுக்கு வருகிறேன். பாட்டியின் குர்ர் ஒலிக்கு மேலே, பின்னணியில், தொடக்கம் முதல் முடிவு வரை ஒரு மெல்லிய கீச்சொலி இருக்கிறது. மின்னூட்டியிலிருந்தோ கணினியின் இணைப்பு வயரிலிருந்தோ ஏறியிருக்கும், அது பெரிய குற்றமில்லை. சுமார் நாலாயிரம் ஹெர்ட்ஸ் இருக்கும். சோதனைத் தொனிகளோடு வாழ்க்கை நடத்தியவள் என்பதால் என் கணிப்பு அதிகம் தவறாது. அறுபத்தைந்தைத் தாண்டிய என் காதுக்கே அது கேட்கிறது. எட்டு வயதில், டி.வி. அணைந்திருக்கிறதா என்று கதவுக்கு வெளியே நின்றே அதன் கீச்சொலியை வைத்துச் சொல்லும் பிள்ளை நீ. மூச்சின் தயக்கத்தைப் பிடிக்கத் தெரிந்தவன் இதை எப்படி விட்டான் என்று மூன்று முறை கேட்டேன். அவசரத்தில் அனுப்பியிருப்பாய் என்றுதான் முதலில் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஆனால் மார்கழியில் நீ ஒரு கேள்வி கேட்டாய். "கன்ட்ரோல் ரூமிலிருந்து வந்த பிறகு உனக்குக் காதில் ஏதாவது ஒலிக்குமா அம்மா?" என்று எழுதினாய். நான் பதில் எழுதுவதற்குள் உன் வெள்ளைப் பூனை தயிர், துவைக்கும் இயந்திரத்துக்குள் உட்கார்ந்திருக்கும் படம் ஒன்றை அனுப்பிப் பேச்சை மாற்றிவிட்டாய். அப்போது அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இப்போது பதில் சொல்கிறேன். இல்லை, தம்பி. எனக்கு ஒருநாளும் ஒலித்ததில்லை. "ஆமாம், எல்லோருக்கும் வருவதுதான், தானாகப் போய்விடும்" என்று எழுதினால் உனக்கு ஆறுதலாக இருக்கும் என்று தெரியும். அப்படி எழுத என்னால் முடியவில்லை.

தயிருக்குக் காது கேட்காது என்பதை நீ எப்படிக் கண்டுபிடித்தாய் என்று நினைத்துப் பார். வெள்ளை முடி, இரண்டு கண்ணும் நீலம். அப்படிப் பிறக்கும் பூனைகளில் பெரும்பாலானவற்றுக்குக் காது கேட்பதில்லை என்று படித்துவிட்டு, அவள் தூங்கும்போது பின்னால் நின்று கை தட்டிப் பார்த்தாய். வாக்குவம் கிளீனரை ஓட்டியபோது மற்ற மூன்றும் ஓடிவிட்டன, அவள் புரண்டு படுத்தாள். மனிதர்கள் 20,000 ஹெர்ட்ஸோடு நின்றுவிடுகிறோம், பூனை 60,000-க்கும் மேலே கேட்கும் என்று சொல்லி, உன் காதுக்கு எட்டாத தொனியை ஒலிக்கவிட்டு மோனோவின் ஒற்றைக் காது திரும்புவதையும் அவள் காதுகள் அசையாமல் இருப்பதையும் படம் பிடித்து அனுப்பினாய். அதோடும் விடவில்லை. மருத்துவமனைக்குக் கூட்டிச் சென்று, தலையில் மின்முனைகள் வைத்து, காதுக்குள் டிக் டிக் என்று ஒலி கொடுத்து, மூளைத்தண்டில் அலை எழுகிறதா என்று பார்க்கும் சோதனையைச் செய்தாய். இரண்டு காதுக்கும் கோடு தட்டையாக வந்தது என்று அந்தத் தாளை எனக்கு அனுப்பினாய். அவளுக்கு அதனால் ஒரு குறையும் இல்லை என்று பக்கம் பக்கமாக எழுதினாய். பூனைக்கு இவ்வளவு செய்தவனிடம் நான் இதற்குமேல் என்ன கேட்க வேண்டும்?

இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை வீட்டில் சத்தம் எழக் கூடாது என்பது உங்கள் ஊர்ச் சட்டம், ஆகவே இரவு வேலை முழுவதும் ஹெட்போனில்தான். சனிக்கிழமை இரவு நீ போகும் இடத்தின் பெயரை நான் கேட்பதில்லை. அங்கே முழங்கும் அந்த டெக்னோ இசையை ஜெர்மனியின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் 2024-இல் சேர்த்தார்கள் என்று செய்தி அனுப்பினாய். பட்டியலில் சேர்ந்தால் டெசிபல் குறைந்துவிடுமா? 85 டெசிபல் என்றால் காது தாங்குவது ஒரு நாளைக்கு 8 மணி நேரம். மூன்று டெசிபல் ஏறும்தோறும் நேரம் பாதியாகும். 100 டெசிபலுக்கு வந்தால் கால் மணி நேரம்தான். பெருக்கல் உனக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. சத்தத்தால் போகிற காதில் முதலில் பள்ளம் விழுவது நாலாயிரம் ஹெர்ட்ஸை ஒட்டிய இடத்தில்தான் என்பதும் உனக்குத் தெரியும். தெரிந்ததால்தான் காதைச் சோதிக்கப் போகாமல் இருக்கிறாய் என்று நினைக்கிறேன். சோதனைத் தாளில் கோடு இறங்கியிருந்தால் வேலை என்ன ஆகும் என்ற பயம். பெரியப்பாவும் அப்படித்தான் இருந்தார், அவர் கதையை நான் திரும்ப எழுதப் போவதில்லை.

வேலைக்கு ஒன்றும் ஆகாது. நிரல் எழுதுவது காதினால் அல்ல. ஒலியின் அதிர்வெண்களைத் திரையில் படமாகக் காட்டும் கருவி உன்னிடம் இருக்கிறது, அதில் பார்த்திருந்தால் அந்தக் கீச்சொலி ஒரு கோடாக நின்றிருக்கும். சந்தேகம் வந்த இடத்தைப் பக்கத்து நாற்காலிக்காரரிடம் கேட்கச் சொல்லலாம். நாங்கள் எல்லோரும் அப்படித்தான் செய்தோம். ஆனால் திடீரென்று ஒரு பக்கம் மங்கியிருந்தால் காத்திருக்கக் கூடாது, சில நாட்களுக்குள் மருந்து தொடங்கினால்தான் பயன் என்று இங்குள்ள டாக்டர் சொன்னார். யாருக்கு என்று அவர் கேட்டார், தெரிந்தவர்களுக்கு என்றேன். வீடியோவில் கடைசியாகப் பேசியபோது போனை இடது காதுப் பக்கம் மாற்றி மாற்றி வைத்தாய். அப்பா சொன்னதற்கெல்லாம் சிரித்தாய். அவர் சொன்னது சிரிப்பதற்குரியது இல்லை, தம்பி, கோபால் மாமாவின் காரியத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

காது மூக்குத் தொண்டை மருத்துவரிடம் நேரம் வாங்கு. நேரம் கிடைக்க நாளாகும் என்றால், அங்கே கண்ணாடிக் கடைகளிலேயே காதையும் இலவசமாகச் சோதிக்கிறார்களாம். சோதனைக்கு முந்தின இரவு ஹெட்போனைத் தொடாதே. கல்யாணப் பேச்சை எடுக்க மாட்டேன் என்று கொடுத்த வாக்கை இந்தக் கடிதத்திலும் காப்பாற்றியிருக்கிறேன், அதற்குப் பதிலாகவாவது இதைச் செய். 250 ஹெர்ட்ஸிலிருந்து 8,000 வரை இரண்டு காதுக்கும் புள்ளி வைத்துத் தருவார்கள். அந்தத் தாளை அப்படியே படம் எடுத்து எனக்கு அனுப்பு. "நன்றாக இருக்கிறது அம்மா" என்று எழுதாதே. தாளை அனுப்பு, படிக்க எனக்குத் தெரியும். அது வரும்வரை உன்னை நான் அழைக்கவில்லை, எழுத்திலேயே பேசிக்கொள்வோம்.

அன்புடன்,
அம்மா.

பி.கு: சிவப்பு மூடி பருப்புப் பொடி, மஞ்சள் மூடி பூண்டுப் பொடி. பூண்டும் பூனைகளுக்கு ஆகாது. மிளகு ஏறாத அலமாரியில் வை. சன்னல் தடுப்பு எவ்வளவு ஆகும் என்று எழுது, அப்பா பணம் அனுப்புகிறார்.